சாயக் கொட்டகையில் முக்கண்

போன வாரம், பாலைவன ஆய்வுக்குக் கிளம்பப் போகிற நீங்கள் நான்கு பேரும் செவிலிமேட்டில் என் வீட்டைக் கண்டுபிடித்து வந்தீர்கள். டப்பாவில் இருந்த தட்டையை எல்லாம் தீர்த்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், “மேடம், இத்தனை வருஷப் பாலைவன வேலையில நீங்க ரொம்ப பயந்தது எப்போ?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்த நேரத்தில் டவுன் பஸ் வந்துவிட்டது என்று ஓடினீர்களே, அதுதான் சரியில்லை. ஓர் ஓணான் வளையை விட்டுத் தலை நீட்டுவதற்காகக் காலைப் பொழுது முழுவதும் அசையாமல் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். அடுத்த பஸ்ஸுக்கு இருந்திருக்கலாம்.

நீங்கள் எந்தப் பதிலை எதிர்பார்த்தீர்கள் என்று தெரியும். மணற்புயல். விரியன் பாம்பு. தண்ணீர் தீர்ந்துபோன ஜீப். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் ரொம்பப் பயந்தது காஞ்சிபுரத்தில், என் தம்பி வீட்டுப் பின்கட்டில், கார்த்திகை மாதத்து ஈரத்தில். எதிரே நின்றவர்கள் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த எங்கள் தெருக்காரர்கள். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது.

கதை பாலைவனத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் குழுவின் தலைவரை நீங்கள் பார்த்ததில்லை. வடக்கத்திக்காரர், எனக்கு மேலதிகாரி, பாலைவனத்து ஊர்வனவற்றில் பெரிய நிபுணர். மணலுக்குள் முழங்கை வரை கையை விட்டு முள்வால் ஓணானை எடுத்து, அது எப்படிக் காலையில் கருத்து வெயிலை வாங்குகிறது, உச்சியில் வெளுத்து வெயிலைத் தள்ளுகிறது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்குவார். ஆனால் விடுதிச் சுவரில் ஒரு வீட்டுப் பல்லி தெரிந்துவிட்டால் போதும், கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

“ரெண்டும் சொந்தக்காரங்கதானே சார்?” என்று எஸ்தர் ஒருமுறை கேட்டேவிட்டாள்.

“ஓணான் என் காலுக்குக் கீழே இருக்கிறது. இது என் தலைக்கு மேலே இருக்கிறது” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எஸ்தர் அப்போது எங்களிடம் ஆராய்ச்சி மாணவி. வாலாஜாபாத் பக்கம் தென்னேரிப் பெண். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி நிற்கிற ஊரில் பிறந்துவிட்டு, தண்ணீரே இல்லாத இடத்து உயிர்களைப் பற்றி ஏன் ஆராய வந்தாய் என்று கேட்டேன். “தண்ணி இருந்தா யார் வேணா வாழ்ந்துடுவாங்க மேடம்” என்றாள்.

அவள் எடுத்துக்கொண்ட உயிருக்கு அறிவியல் பெயர் ட்ரையாப்ஸ். கட்டைவிரல் நீளம்தான். இறாலுக்குத் தூரத்து உறவு. முதுகில் கேடயம் போல ஓர் ஓடு, பின்னால் இரட்டை வால், வயிற்றுப் பக்கம் எண்ணி மாளாத கால்கள். முன்பக்கம் இரண்டு கண்கள், அவற்றுக்கு நடுவே நெற்றியில் இன்னொரு சின்னக் கண். பெயருக்குப் பொருளே மூன்று கண் என்பதுதான். பாலைவனத்தில் மழை பெய்து ஏதாவது ஒரு பள்ளம் நிரம்பினால், ஓரிரு நாளில் மண்ணில் கிடக்கும் முட்டையிலிருந்து வெளியே வரும். கிடைத்ததைத் தின்று மளமளவென்று வளர்ந்து, முட்டையிட்டு, பள்ளம் வற்றும்போது செத்துப் போகும். முட்டைகள் மட்டும் புழுதியோடு புழுதியாகக் கிடக்கும். மேலே ஒட்டகம் நடக்கும், ஜீப் போகும், தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும். அடுத்த நல்ல மழைக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும். நாம் வெயிலோடு மல்லுக்கட்டுகிறோம். அது கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறது.

பள்ளம் எவ்வளவு மெதுவாக வற்றினால் முட்டை தேறும், எவ்வளவு சீக்கிரம் வற்றினால் தேறாது என்பது எஸ்தரின் கேள்வி. அதற்குக் காய்ந்த பள்ளத்து மண் வேண்டும். முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு, வெடித்துக் கிடந்த ஒரு பள்ளத்தில் இறங்கினோம். தலைவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகலாம் என்றார். எஸ்தர் ஓர் ஓரத்தில் மட்டும், அதுவும் மேலாகச் சுரண்டினாள். “அடுத்த மழைக்கு இங்கயும் ஆள் வேணும் சார்” என்றாள். அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டுத் தன் மண்வெட்டியைக் கீழே போட்டார். இப்படிக் கீழே போடத் தெரிந்த தலைவர்கள் அபூர்வம். கிடைத்தால் பல்லியைக்கூட விரட்டிக் கொடுங்கள்.

அன்றைய சூட்டில் எஸ்தரின் காலணியில் பசை இளகி, அடிப்பகுதி தரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. என் பையில் எப்போதும் கழிவுப் பட்டு நூல் கொஞ்சம் இருக்கும், நெசவுக்காரர் வீட்டுப் பழக்கம். அதைப் பல புரியாக முறுக்கிக் கட்டிவிட்டேன். மாம்பழ நிறப் பட்டுக் கயிற்றில் கட்டிய காலணியோடு அவள் மண் சுரண்டுவதை, ஒட்டகம் மேய்த்துக்கொண்டு வந்த ஒருவர் நின்று பார்த்தார். என்ன எடுக்கிறீர்கள் என்றார். மண் என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். “அவ்வளவு தூரத்துக்கு மண்ணா? உங்கள் ஊரில் மண் கிடையாதா?” என்று உண்மையாகவே இரக்கப்பட்டு, தன் தலைப்பாகைத் துணியில் இன்னும் இரண்டு கை அள்ளி முடிந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் திருப்பிக் கொட்டினோம்.

மண் ஊர் வந்து சேர்ந்த நேரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மராமத்து வேலை தொடங்கியிருந்தது. சுவரெல்லாம் இடித்துப் போட்டிருந்தார்கள். எஸ்தருக்கோ காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. என் வீடு மாடிப் போர்ஷன், இடமில்லை. தம்பி ஏகாம்பரத்தின் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய சாயக் கொட்டகை இருந்தது. சாயம் போடும் வேலையை ஐயம்பேட்டையில் கொடுக்க ஆரம்பித்த பிறகு அதில் சைக்கிள்தான் நின்றுகொண்டிருந்தது. மேலிடத்தில் அனுமதி வாங்கி, கொட்டகையைத் தேய்த்துக் கழுவி, கண்ணாடித் தொட்டிகளை வரிசையாக வைத்து, மண்ணைப் பரப்பி, எஸ்தர் தண்ணீர் ஊற்றினாள். இரண்டாம் நாள் தூசு போல ஏதோ துள்ளியது. வாரம் திரும்புவதற்குள் சின்னச் சின்னக் கேடயங்கள் நீந்தின. எஸ்தர் தினமும் தென்னேரியிலிருந்து பஸ் மாறி வந்து தீனி போட்டு, சூடு பார்த்து, மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்து, குறித்துக்கொண்டு போவாள்.

இனி சரோஜாவைச் சொல்ல வேண்டும். ஏகாம்பரத்தின் மனைவி. இருவரும் சேர்ந்துதான் தறியில் உட்காருவார்கள். முடித்த சேலையில் குறை பார்ப்பது அவள் வேலை. அதற்காக இழை எண்ணும் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். ஒரு காலை எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, இதுக்கு நெத்தியில ஒரு கண்ணு இருக்குது!”

“ஆமாமா. மூணு கண்ணு. அதோட பேரே அதான்” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்கப் போனேன்.

பாதிக் காபியில்தான் உறைத்தது, அது எந்தத் தெரு என்று. பட்டை பட்டையாய்த் திருநீறு பூசாமல் தறியில் உட்காராத தெரு. தெருக்கோடியில் சிவன் கோயில். கார்த்திகை மாதம், வரப்போவது சோமவாரம். இதில் நெற்றிக்கண்ணோடு ஓர் உயிர், அதுவும் வெறும் மண்ணிலிருந்து எழுந்து வந்தது. பாதிக் காபியை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்தபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தான். பின்கட்டுக்குப் போக அவன் தறியைத் தாண்டித்தான் வழி.

“அக்கா, போறவங்க வர்றவங்க எல்லாம் தறியில விரிச்ச பாவு நூலு மேல கைய வெச்சுக்கினு போறாங்கக்கா. ஒரு அம்மா பாவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிது.”

கொட்டகையில் ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் மூன்று பட்டைத் திருநீறு. ஊதுவத்தி. ஒரு வில்வ மாலை. சரோஜா பூதக்கண்ணாடியோடு நின்று, வருகிறவர்களுக்கு நெற்றிக்கண் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும்போதே ஒரு பெண் அலறினாள்.

“ஐயய்யோ, ஒண்ண ஒண்ணு தின்னுது!”

உண்மைதான். ட்ரையாப்ஸ் பசி எடுத்தால் பக்கத்திலிருப்பதைத் தின்னும். எல்லாரும் தொட்டிப் பக்கம் நெருக்கினார்கள். சாமி சாமியைத் தின்பதை இந்தத் தெரு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு வேர்த்துவிட்டது. சரோஜா தொட்டியைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“தின்னலமா. ஐக்கியமாவுது” என்றாள்.

அத்தனை கைகளும் கூம்பின. சரோஜா என் பக்கம் திரும்பி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். அவள் நம்பினாளா, விளையாடினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், “ரெண்டுந்தான் அண்ணி” என்பாள்.

எஸ்தர் வந்து சேர்ந்தபோது நடக்கக்கூடாதது நடந்துவிட்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவதி, ஓரத்துத் தொட்டியில் ஒரு சொம்பு பால் அபிஷேகம் செய்திருந்தாள். எஸ்தர் தொட்டியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். டீ வடிகட்டியை எடுத்து, வெள்ளைத் தண்ணீருக்குள் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்து வேறு பாத்திரத்தில் விட்டாள். பாதி அசையவில்லை. வேகமாக வற்ற வைப்பதற்கென்று அவள் ஒதுக்கியிருந்த தொட்டி அது. அவள் முதுகு மட்டும் குலுங்குவதைப் பார்த்தேன். கூட்டத்தில் சிலர் அதைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சபாபதி அண்ணா வந்தார். கோயில் விழாக் குழுத் தலைவர். தறிக்காரர்தான், ஆனால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டால் தெருவே எழுந்து நிற்கும். தொட்டிகளின் முன் வெகுநேரம் கைகூப்பி நின்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“சோமவாரத்தன்னிக்கு சாயங்காலம் மேளத்தோட எடுத்துக்கினு போயி கோயில் கொளத்துல விட்டுடலாம். இது இருக்க வேண்டிய எடம் கொட்டாய் இல்ல.”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். சோமவாரம் என்பது மறுநாள்.

பாலைவனத்து உயிரை ஊர்க் குளத்தில் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு என்னென்ன கிருமி வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எஸ்தரின் வேலையும் அன்றோடு முடிந்துவிடும். இன்னொரு பள்ளம், இன்னொரு மழை, இன்னொரு அனுமதி எல்லாம் சேர்ந்து வருவதற்குள் அவளுக்கு உதவித்தொகைக் காலம் தீர்ந்திருக்கும்.

கிணற்றடிக்குப் போய் எங்கள் ஆய்வுக் குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். “போலீஸைக் கூப்பிடு” என்றார். “கூப்பிட்டால் நாளைக்குப் பேப்பரில் வரும். மறுநாள் வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேன் வரும்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். “நானே விமானம் பிடித்து வரட்டுமா?”

அவர் வந்து இந்தியில் சத்தம் போடுவதை நினைத்துப் பார்த்தேன். “வாருங்கள் சார். கொட்டகைதான், கூரை முழுக்கப் பல்லி” என்றேன்.

விமானப் பேச்சு அதோடு நின்றது. “நேரில் இருப்பது நீ. நீயே முடிவெடு. எதுவானாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்றார். பல்லிகளுக்கு நான் பட்ட ஒரே நன்றிக்கடன் அதுதான்.

எஸ்தர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். “இறால்னு சொல்லிடலாம் மேடம். சுத்த சைவத் தெரு. மூஞ்சிய சுளிச்சுக்கினு போயிடுவாங்க.”

“போவாங்க. போறப்போ தொட்டியையும் கவுத்துட்டுப் போவாங்க.”

“அப்போ, இது பாலைவனத்துக்குத் திரும்பப் போகணும்னு கனவுல வந்துச்சுன்னு சரோஜாக்காவ சொல்லச் சொல்லலாம்.”

சரோஜா அதற்குள் தயாராகிவிட்டாள், கண்ணைச் செருகிக் காட்டினாள். வேண்டவே வேண்டாம் என்றேன். பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னொரு பொய்க்கு இன்னொரு கனவு வேண்டும். கனவு காண்பதில் சரோஜாவுக்குச் சலிப்பே வராது என்பது வேறு விஷயம்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நெருக்கடியில் நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எதிராளி தலையில் கொட்டிவிடத் தோன்றும். பாதுகாப்புச் சட்டம், அந்நிய உயிரினம், கிருமி என்று நான் ஆரம்பித்திருந்தால் சபாபதி அண்ணா துண்டை இறுக்கிக் கட்டியிருப்பார். நம்மிடம் இருக்கிற உண்மைகளில், அவர்கள் ஏற்கெனவே மதிக்கிற ஒன்றோடு ஒட்டுகிற உண்மை எது என்று தேட வேண்டும். அது கிடைக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் வீட்டு வாசலுக்கு வந்து நின்று தேடினேன். தெருவில் ஒரு பையன் பொரிப் பாக்கெட்டோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான், குளத்து மீனுக்குப் போட.

உள்ளே போனேன்.

“அண்ணா, ஒரு சந்தேகம்.”

“கேளு மங்கை.”

“கொளத்துல மீனு இருக்குதே?”

“இருக்குது. ஏராளமா இருக்குது. நம்ம ஜனங்க தெனம் பொரி போடறாங்களே.”

“இதுங்க பொறந்த எடத்துல மீனே கெடையாது அண்ணா. மீனைப் பாத்ததே இல்ல. ஓடத் தெரியாது, ஒளியத் தெரியாது. மேளத்தோட கொண்டுபோயி விட்டோம்னா, மேளம் திரும்பி வர்றதுக்குள்ள மீனு மொத்தத்தையும் முழுங்கிடும். அத நாம படியில நின்னு பாத்துக்கினு இருக்கணும்.”

பின்னாலிருந்து ஒரு குரல், “மீனு வயித்துல ஐக்கியமாவும்” என்று தொடங்கியது. “சும்மா இரு!” என்றார் சபாபதி அண்ணா. முகம் மாறிவிட்டது. நான் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

“அப்போ கொளம் வேணாம்” என்றார் கடைசியில். எனக்கு மூச்சு வந்தது. “இங்கியே இருக்கட்டும். கொட்டாய்க்கு ஒரு கதவு போட்டு, மணி கட்டி, வருஷம் பூரா பூசை பண்ணிடலாம்.”

உள்ளே தறியிலிருந்து ஏகாம்பரம், “அக்கா!” என்று கத்தியது தெருமுனைக்குக் கேட்டிருக்கும்.

இந்தத் தடவை என்னை முந்திக்கொண்டது எஸ்தர். கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

“வருஷம் பூரா இதுங்க இருக்காதுங்க அய்யா. கொஞ்ச வாரந்தான் உசுரு. தண்ணி வத்தணும், இதுங்க சாகணும், முட்டை மண்ணுல காயணும். அதான் இதுங்க வழி. தண்ணிய மாத்தினாலோ, பால ஊத்தினாலோ, பூவப் போட்டாலோ முட்டை கெட்டுடும். அப்புறம் எந்த மழையிலயும் வராது.”

சபாபதி அண்ணா அவளை அப்போதுதான் கவனித்தார்.

“நீ யாருமா?”

“நான்தான் இதுங்கள வளக்கிறேன். எஸ்தர்.”

“எந்த ஊரு?”

“தென்னேரி.”

“தென்னேரியில எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எஸ்தருக்குத் தெரியும். அவள் சுற்றி வளைக்கவில்லை.

“காலனிப் பக்கங்க.”

முன்னால் நின்ற ஓரிருவர் கொஞ்சம் விலகி நின்றார்கள். பிறகு ஓரத்திலிருந்து யாரோ, “அதுக்கில்ல, சுத்தபத்தமா வேற யார்னா பாத்துக்கிட்டா...” என்று இழுத்தார்கள். எனக்குக் காது கொதித்தது. வாயைத் திறந்தேன். எஸ்தர் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். டீ வடிகட்டியை எடுத்துக் குரல் வந்த திசையில் நீட்டினாள்.

“நல்லதுங்க. யாரு வர்றீங்க? காலையில செத்தத எடுக்கணும். அழுவினத வழிக்கணும். சூடு பாக்கணும், தீனி இவ்ளோன்னு நிறுத்துப் போடணும், கூடப் போட்டா செத்துடும். மத்தியானம் திரும்ப, சாயங்காலம் திரும்ப. ஞாயித்துக்கெழம, தீவாளி எதுவும் கெடையாது. ஒண்ணு செத்தாலும் நீங்கதான் பதில் சொல்லணும். யாரு?”

வடிகட்டி அப்படியே நின்றது. யாரும் கை நீட்டவில்லை. சரோஜா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “முட்டையிலேர்ந்து இதுங்கள எடுத்து வளத்தது அந்தப் பொண்ணு. தாயி எங்க இருந்து வந்தான்னு புள்ளைங்களே கேக்கல, ஒங்களுக்கு இன்னா?” என்றாள்.

சபாபதி அண்ணா தொண்டையைச் செருமினார். “நீயே பாத்துக்கோமா” என்றார் எஸ்தரிடம். அவ்வளவுதான். மன்னிப்பு என்றோ மாற்றம் என்றோ பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நானும் எண்ணவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்காது. முட்டை கெடக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் போட்டார். பால் கூடாது. பூ கூடாது. ஊதுவத்தி கூடாது. தொட்டியைத் தொடக்கூடாது. செல்போன் வெளிச்சம் அடிக்கக்கூடாது. ஜன்னல் வழியாக மட்டும் பார்க்கலாம். தெருவிலிருந்து முறைபோட்டு ஆள் உட்கார்ந்தது. ஒருநாள் நானே குளிக்காமல் வந்துவிட்டேன் என்று காவலுக்கு இருந்த அம்மாள் என்னைத் திருப்பி அனுப்பினாள். எஸ்தர் உள்ளேயிருந்து பார்த்துச் சிரித்தாள், சிபாரிசு செய்யவில்லை.

“எங்க அப்பா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாரு மேடம்” என்று மட்டும் பிறகு சொன்னாள்.

தொட்டிகள் ஒவ்வொன்றாக, அவள் வகுத்த வேகத்தில் வற்றின. நிழலில் வைத்த ஒரே ஒரு தொட்டியில் மட்டும் சில உயிர்கள் மீதி இருந்தன. தெரு அமைதியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒருநாள் மாலை சபாபதி அண்ணா பித்தளைத் தாம்பாளத்தில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களோடு வந்து நின்றார். பின்னால் தெரு முழுவதும்.

“வத்தின மண்ணு இருக்குதில்ல? வீட்டுக்கு ஒரு சிட்டிகை குடுத்துடுமா. பிரசாதமா வெச்சுக்கிறோம்.”

அத்தனை வீட்டிலும் பாலைவனத்து முட்டை. மறுபடி மீனைச் சொல்ல முடியாது, வீட்டில் மீன் இல்லை. எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அய்யா, ஒண்ணே ஒண்ணு. இந்த மண்ணு இத்தினி தண்ணியில பட்டாலும் போதும், ரெண்டு நாள்ல வந்துடும். ஒங்க வீட்டுத் தண்ணித் தொட்டி, சம்பு எல்லாம் நல்லா மூடி போட்டதுதானே?”

“எதுக்கு?”

“இல்ல, காத்துல பறந்து போயி சம்புல விழுந்துச்சுன்னா, குடிக்கிற தண்ணியில நீந்தும். கொழம்புல வரும். இட்லி மாவுல வரும். தப்பில்ல. இதுங்க ஒண்ணும் பண்ணாது.”

கூட்டத்தில் மெதுவான ஒரு சலசலப்பு. முன்வரிசையிலிருந்த ஓர் அம்மாள், “எங்க வூட்டு சம்புக்கு மூடியே கெடையாது” என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். இன்னொருத்தி மகனுக்கு டியூஷன் இருப்பது நினைவு வந்து கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் தாம்பாளமும் சபாபதி அண்ணாவும் மட்டும் மீதி. நெற்றிக்கண்ணை எங்கே வேண்டுமானாலும் வைத்துக் கும்பிடும் எங்கள் தெரு, சம்பில் மட்டும் வேண்டாம் என்றது. எஸ்தர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கிணற்றடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தோம்.

திரும்பி வந்தபோது சபாபதி அண்ணா போகாமல் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தாம்பாளத்தை வாசல் திட்டின் மேல் வைத்துவிட்டார். தெருக்காரர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, எஸ்தரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இன்னும் உசுரோட எதுனா இருக்குதாமா?”

“ரெண்டு மூணு இருக்குதுங்க.”

“நான் இன்னும் பாக்கல.”

எனக்குப் புரியவில்லை. “தெனமும் வந்து கும்பிட்டீங்களே அண்ணா?” என்றேன்.

“கும்பிட்டேன். கண்ணுல புரை விழுந்து கெடக்குது மங்கை. தை மாசம் ஆபரேசன். எல்லாரும் நெத்தியில கண்ணு இருக்குதுன்னாங்கோ. தலைவரு தெரியலன்னு சொல்ல முடியுமா? எனக்கு வெறும் தண்ணிதான் தெரிஞ்சுது.”

ஊர்வலம், பூசை என்று திட்டம் போட்டு, சட்டமும் காவலும் வைத்த மனிதர் அதைப் பார்த்ததே இல்லை.

எஸ்தர் உள்ளே போனாள். நிழல் தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் சின்னக் கண்ணாடித் தட்டில் விட்டாள். மைக்ரோஸ்கோப்பை ஜன்னலோரம் கொண்டுவந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். குனிந்தார். “வெள்ளையா இருக்குது” என்றார். அவள் விளக்கைத் தட்டுக்கு அடியில் மாற்றினாள். அவர் தலையைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று தன் கையாலேயே நகர்த்திக் கொடுத்தாள்.

“இப்போ?”

“கறுப்பா... ரெண்டு.” நிறுத்தினார். “நடுவுல...”

இத்தனை நாள் கூப்பியே நின்ற கைகள் இரண்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

“நடுவுல இருக்கிறது எதப் பாக்குது?” என்றார்.

“வெளிச்சம் எந்தப் பக்கம்னு பாக்குதுங்க. நீந்தறப்போ மேல எது, கீழ எதுன்னு தெரியணும் இல்ல?”

“நீ இத தெனமும் பாக்கறியாமா?”

“தெனமுங்க.”

“குடுத்து வெச்சவ” என்றார், கண்ணை எடுக்காமலே.

எஸ்தர் அவருக்குக் கூசாமலிருக்க விளக்கை ஒரு நூல் தணித்துவிட்டு, ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.